சங்கரி மாவு

1

மே மாதம் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம்.

அந்த நிமிடத்தில் நான் ஒரு செய்தியைப் பதிவிட்டேன். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. அதை எழுதியிருக்காவிட்டால் இதையும் எழுதியிருக்க மாட்டேன். இரண்டையும் எழுதாமல் இருந்திருக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டில் நானும் கலைவாணனும் 'செங்கை வாரம்' என்று ஒரு வாட்ஸ்அப் சேனல் நடத்துகிறோம். மின்தடை அறிவிப்பு, ரயில் நேர மாற்றம், காணாமல் போன பசு, ரத்தம் தேவை. பதினாறாயிரம் பேர் படிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் 'நம்மூர்க் கடை' என்று ஒரு பகுதி வரும். ஊரில் சிறிதாகத் தொழில் செய்யும் ஒருவரைப் பற்றி இருநூறு சொல், ஒரு படம், கடைசியில் 'ஆதரிப்போம்'. படம் கலைவாணனுடையது. அவனுக்கு ஸ்டூடியோ இருக்கிறது. அதன் மாடி அறைதான் எங்கள் அலுவலகம். சொற்கள் என்னுடையவை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் பெயரைப் போட்டாலும் பக்கத்தில் ஊரும் தெருவும் போடுவோம். அப்போதுதான் படிப்பவர் 'அட, நம்ம ஆளு' என்பார். இதைக் கொண்டுவந்தவன் நான். இலக்கியம் படித்தவன். 'ஒரு கிராமம்' என்று எழுதாதே, பெயரைச் சொல் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்பது வருடம் கல்லூரியில் நானும் அதையே கற்றுக்கொடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'பிரிசில்லாவிடம் நான்கு கிரைண்டர்கள் இருந்தன.'

சரியில்லை. கிரைண்டரில் தொடங்கினால் உழைப்பைப் பற்றிய கதையாகிவிடும். படிப்பவர் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். பாராட்டை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். அதில்தான் எல்லாம் தொடங்கியது.

இரண்டாம் தொடக்கம்: 'செங்கல்பட்டில் இருபத்து மூன்று கடைகளின் ஃபிரிட்ஜில் சங்கரி இருந்தாள்.'

இது இருக்கட்டும்.

சங்கரி மாவு. தோசை மாவு, ஒரு கிலோ பாக்கெட், மஞ்சள் எழுத்து. ஆறு வருடமாக விற்கிறது. சங்கரி யார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத பெயர் அது. எங்கள் வீட்டிலும் அந்த மாவுதான்.

பேட்டிக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வாடகைக் கட்டடம். பிரிசில்லா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.*

"சங்கரி அம்மா இல்லையா?"

"நான்தாண்ணா."

"உங்க பேரு பிரிசில்லான்னாங்க."

"சங்கரின்னு யாரும் கெடையாதுண்ணா. பாக்கெட்டுக்கு ஒரு பேரு வேணுமே. பிரிசில்லா மாவுன்னு போட்டா கேக் செய்யற மாவுன்னு நெனச்சிக்குவாங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"எந்த ஊரு?"

"செய்யூர் பக்கம்."

"பக்கம்னா?"

கொஞ்சம் யோசித்து ஊர்ப் பெயரைச் சொன்னாள். "செய்யூர்னே போடுங்கண்ணா. போதும்."

"தெரு?"

"தெரு இன்னாத்துக்குண்ணா?"

"எல்லாருக்கும் போடறோம்."

தெருவையும் சொன்னாள்.

(* செய்தியில் 'வந்தார்' என்று எழுதியவன் கதையில் 'வந்தாள்' என்று எழுதியிருக்கிறேன். கதையில் பெண்களை அப்படித்தான் எழுதுவோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாசுதேவன் என்று ஒரு மளிகைக்கடைக்காரர் வரப்போகிறார். அவரை 'வந்தான்' என்று எழுத என் கை போகவில்லை. எழுதியது இருக்கட்டும், தெரியட்டும். இனி 'வந்தார்'.)

3

செய்தியின் கடைசிப் பத்தி இது. கோடுகள் இப்போது போட்டவை. அப்போது அங்கே பெயர்கள் இருந்தன.

'சங்கரி மாவுக்குப் பின்னால் இருப்பவர் பிரிசில்லா (38), செய்யூர் வட்டம், ———, ——— காலனி. சங்கரி அவருடைய கற்பனை. நிஜம் அதைவிடச் சுவையானது. ஆதரிப்போம்.'

எங்கள் பக்கத்து கிராமங்களில் ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. ஊரில் இருந்தவர்களுக்கு நிலம் இருந்தது. காலனியில் இருந்தவர்கள் அதில் வேலை செய்தார்கள். இன்று இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் தெருப் பெயரைச் சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஊரில் பிறந்தவன் நான். தெரிந்ததை நினைக்காமல் இருக்கவும் பழகியவன். 'நிஜம் அதைவிடச் சுவையானது' என்ற வாக்கியத்துக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன். அதற்கு முந்தைய வரியை ஒரு நொடியில் தட்டினேன்.

நானூறு பேர் இதயம் போட்டார்கள். கலைவாணன் போன் செய்தான்.

"மச்சான், செம ஹிட்டு."

வியாழக்கிழமை நான்கு கடைகள் மாவைத் திருப்பி அனுப்பின. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினான்கு. யாரும் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினான்கு கடையிலும் ஒரே காரணம். புளிக்கிறதாம்.

4

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அது கத்திரி வெயில். மின்தடை வேறு, அதையும் நாங்கள்தான் அறிவித்தோம். மாவு புளித்திருக்கலாம். உண்மையாகவே புளித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. நான் நிம்மதியாக இருக்கலாம். அதனால்தான் விசாரிக்கப் போனேன் என்று நினைக்கிறேன்.

வாசுதேவன் மளிகை எங்கள் தெரு முனையில்.

"புளிக்குதுன்னு யாரு சொன்னாங்க?"

"எல்லாருந்தான் சொல்றாங்க சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? எனக்கு சக்கர. நான் இட்லியே துன்றதில்ல."

"மத்த கம்பெனி மாவு புளிக்கலையா? அதே ஃபிரிட்ஜுதான?"

வாசுதேவன் ஃபிரிட்ஜைத் திறந்தார். மூடினார்.

"ஆதரிக்கணும்னு நீங்கதான சார் போட்டீங்க. பத்து பாக்கெட்டு கீது. எடுத்துகினு போய் ஆதரிங்க."

இரண்டு வாங்கினேன்.

வீட்டு ஃபிரிட்ஜில் வேறு கம்பெனி பாக்கெட் இருந்தது. என் மனைவி துர்காதேவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சங்கரி வாங்கலையா?"

"அது இப்பல்லாம் புளிக்குது."

"எப்பலேர்ந்து?"

"வெயிலு ஆரம்பிச்சதுலேர்ந்து."

"வெயிலு மார்ச்லயே ஆரம்பிச்சிடுச்சி."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா கேக்கணுமோ அத நேரா கேளுங்க."

[நான் நேராகவே கேட்டேன். அவள் தலையைக் குனிந்து]

இல்லை. நான் கேட்கவில்லை. என் இரண்டு பாக்கெட்டுகளை அவளுடைய பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் காலை நானே தோசை ஊற்றிச் சாப்பிட்டேன். புளிக்கவில்லை. ஆனால் புளிக்கக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் வாயில் வைத்தேன். என் நாக்கை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

5

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு பிரிசில்லா மாடி ஏறி வந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. என்னை 'சார்' என்றார். போன வாரம் 'அண்ணா'.

"அந்த நியூச எடுத்துருங்க சார்."

"சனிக்கிழமையே எடுத்துட்டோம்."

"அதான் எல்லாரும் படம் புடிச்சி வெச்சிகினுகீறாங்களே. என் மச்சினன் போனுக்கே நாலு பேரு அனுப்பிக்கீறாங்க. ஒருத்தரு கங்கிராட்ஸ்னு போட்டு அனுப்பறாரு."

கலைவாணன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "யக்கா, ஒண்ணு பண்ணு. மகாபலிபுரம் பக்கம் ஓட்டலுங்களுக்குப் போடு. அங்க வர்றவன் எவன் தெருவு கேக்கப்போறான்?"

"இங்கேர்ந்து முப்பது கிலோமீட்டரு. இந்த வெயில்ல போய்ச் சேர்றதுக்குள்ள நெசமாவே புளிச்சிரும்."

கலைவாணன் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டான்.

"சார், நீங்க கத எழுதுவீங்கன்னு இவரு சொன்னாரு."

"எழுதுவேன்."

"அப்ப சங்கரிய எழுதிக் குடுங்க."

புரியவில்லை.

"சங்கரின்னு ஒரு அம்மா கீறாங்க. அவங்கதான் ஓனரு. நான் அங்க வேல செய்யறவ. நீங்க தெரியாம மாத்திப் போட்டுட்டீங்க. திருத்தம்னு ஒண்ணு போடுங்க. நாளைக்கு செவ்வாக்கெழமதான? வெள்ளிக்குள்ள கடைங்க திரும்பலன்னா என்னால கட்டடத்த வெச்சிக்க முடியாது. கிரைண்டர வித்துட்டு ஊருக்குத்தான் போவணும். எங்கூட ரெண்டு பொம்பளைங்க வேல செய்யறாங்க, அவங்களும்தான்."

"அது பொய்யாச்சேங்க."

"ஆறு வருசமா நான் சொன்ன பொய் யாருக்கும் புளிக்கல சார்."

6

அன்று மதியம் சங்கரியை எழுத உட்கார்ந்தேன்.

'திருத்தம்: சங்கரி மாவின் உரிமையாளர் சங்கரி (52),'

காற்புள்ளிக்குப் பிறகு ஊரும் தெருவும் வர வேண்டும். எங்கள் வழக்கம் அது. நான் யோசிக்கவில்லை. கை ஒரு தெருவைத் தட்டிவிட்டது. என் அம்மா பிறந்த தெரு.

அழித்தேன். வேறு தெரு போட்டேன். அதுவும் அதே மாதிரித் தெருதான். மூன்றாவதும்.

"படம் வேணுமே," என்றான் கலைவாணன். "எங்க பெரியம்மாது கீது. பெரிய பொட்டு, மூக்குத்தி. அப்படியே சங்கரி."

"நீ சங்கரிய பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"டேய், சங்கரின்னா எப்படி இருப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரிந்தது. இல்லாத ஒருத்தியின் முகம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத் தெரிந்தது. பதினாறாயிரம் பேருக்கும் தெரியும். பிரிசில்லா ஆறு வருடமாக விற்றது அந்த முகத்தைத்தான். எங்களைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்து எழுதியிருக்கிறார், ஒரே ஒரு சொல்லில். நான் அதைச் 'சுவையான செய்தி' என்று உடைத்துப்போட்டேன்.

'சங்கரி நாற்பது வருடங்களாக

7

முடிவு என்று எதையாவது வைக்க வேண்டும். வைத்துப் பார்த்தேன்.

திருத்தத்தைப் போடுகிறேன். புளிப்பு நின்றுவிடுகிறது. மாவு எல்லாக் கடைக்கும் திரும்புகிறது. பிரிசில்லா, தன் தொழிலில் தானே கூலியாள் என்று ஊர் அறிய அச்சாகி, பிழைத்துக்கொள்கிறார். இந்த முடிவில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. எனக்குத்தான். என் ஆட்சேபத்துக்கு வாடகை கட்டப்போவது அவர்.

அல்லது உண்மையைப் போடுகிறேன். மாவு புளிக்கவில்லை, புளிப்பது வேறு என்று. காரமாக எழுத வரும் எனக்கு. சென்னையிலிருந்து நண்பர்கள் பகிர்வார்கள், துணிச்சல் என்பார்கள். அவர்கள் யாரும் செங்கல்பட்டில் மாவு வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் அப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கட்டடம் காலியாகும். எனக்கு ஒரு நல்ல கட்டுரை மிஞ்சும்.

மூன்றாவதாக, அவர் புதுப் பெயரில் புது பாக்கெட் போட்டு, ஆனால் கடைக்காரர்களுக்கு அவர் முகம் தெரியும் என்பதால்

நான்காவது, மாவு உண்மையிலேயே புளித்தது. இதை நான் இன்னும் விடவில்லை. விட்டால் துர்காதேவியிடம் கேட்க வேண்டியிருக்கும்.

8

செவ்வாய்க்கிழமை ஒன்பது பன்னிரண்டுக்கு எதையும் பதிவிடவில்லை. 'நம்மூர்க் கடை இந்த வாரம் இல்லை' என்று கலைவாணன் போட்டான். அதற்கும் நாற்பது பேர் இதயம் போட்டார்கள்.

மதியம் பிரிசில்லா வந்தார். திருத்தத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு நான் இந்தக் கதையைப் படித்துக் காட்டினேன், ஏழாம் பகுதி வரை. வேறு எதுவும் என் கையில் இல்லை. இந்தத் தடவை உட்கார்ந்து கேட்டார். ஃபேன் சத்தத்தில் சில வரிகளைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

"தெருவ போடலல்ல?"

"கோடுதான் போட்டிருக்கேன்."

"அந்த ஆறு வருசம் டயலாக்கு, அத நான் சொல்லல சார்."

"இல்ல. அது நான் எழுதினது."

"நல்லாத்தான் கீது. நான் அப்ப அழுதுகினு இருந்தேன். அத நீங்க போடல."

போடவில்லை. அழுகையை எழுதினால் கதை இளகிவிடும் என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. அதை அவரிடம் சொல்லவில்லை.

"உங்க வூட்ல அவங்க சொன்னாங்களே, நேரா கேளுங்கன்னு. கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

தலையசைத்தார். கோபம் இல்லை. எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல இருந்தது.

"இது நம்ம குரூப்புல வருமா?"

"இல்ல. ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம்னு இருக்கேன்."

"எப்ப வரும்?"

"ரெண்டு மாசம் ஆகலாம்."

"ரெண்டு மாசம். அத யாரு சார் படிப்பாங்க?"

"நல்லா படிக்கிறவங்க. இதெல்லாம் தப்புன்னு நினைக்கிறவங்க."

"இந்தப் பக்கத்துல கீறாங்களா?"

"இருப்பாங்க. எல்லா ஊர்லயும் இருப்பாங்க."

பிரிசில்லா எழுந்து பையை எடுத்தார். படியில் இரண்டு படி இறங்கி நின்றார். என் கையிலிருந்த தாள்களைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப அவங்களையே கேட்டுச் சொல்லுங்க சார். நாளைக்கு எத்தினி கிலோ அரிசி ஊறவெக்கட்டும்?"