கால் மூடி

இன்டர்நெட் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் புகார் வந்து விழுந்தபோது சகாயசெல்வி ஆத்தூர் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் பழனி ரோட்டில் இருக்கும் விதை நிறுவனம். ஆலோசனை கேட்டுப் போன் செய்யும் விவசாயிகளுக்கு, அலுவலகத்திலிருந்து பேசும் குரல் உடைந்து உடைந்து கேட்கிறதாம். உடனே ஆள் வேண்டும் என்று இருந்தது. கூட வேலை பார்க்கும் சுருளிவேல், தானே போவதாகப் பதில் போட்டிருந்தான். அவள் வண்டியை அணைத்துவிட்டு அவனுக்குப் போன் செய்தாள்.

"சுருளி, அந்தப் பழனி ரோட்டு வேலைய எனக்கு விட்டுரு."

"வேணாங்க்கா. அந்த மேனேஜர் ஒரு மாதிரி ஆளு."

"எனக்குத் தெரியும். நான் போறேன்."

அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? காந்திகிராமத்தில் பட்டம் முடித்த கையோடு அவள் சேர்ந்த முதல் வேலை அங்கேதான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எந்தச் செடிக்கு எந்த மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று நாள் முழுக்கப் பேசும் வேலை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, எதிர்முனையில் இருப்பவர்கள் "என்ன, என்ன" என்று திரும்பத் திரும்பக் கேட்பதை அவள் கவனித்தாள். அவர்கள் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் பேசுவதுதான் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மேனேஜர் பிரபுவிடம் சொன்னாள். "லைன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ வாயத் தொறந்து பேசு" என்றான்.

அப்படி ஒரு நாளில்தான் கன்னிவாடியிலிருந்து சோலைமலை என்ற விவசாயி பேசினார். கத்தரித் தோட்டத்தில் பூ உதிர்கிறது, உங்கள் மருந்தை வாங்கி வைத்திருக்கிறேன், டேங்குக்கு ஒரு மூடி ஊத்தவா என்று கேட்டார். "ஒரு மூடி ஊத்தக் கூடாதுண்ணே. கால் மூடிதான்" என்றாள் அவள். அவர் காதில் விழுந்தது "ஒரு மூடி" என்பதும் "மூடிதான்" என்பதும் மட்டுமே. பூ நிற்பதற்கான மருந்து அளவு மீறினால் பூவை உதிர்த்துவிடும். சோலைமலையின் தோட்டத்தில் ஒரு பூ மிஞ்சவில்லை. பிஞ்சும் போயிற்று.

அவர் நேராக அலுவலகத்துக்கு வந்தார். எல்லோருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "எவ அவ, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டவ?" என்று கத்தினார். பிரபு ஒரு நொடிகூட யோசிக்காமல் விரலை நீட்டி அவளைக் காட்டினான். அவர் பேசிய பேச்சு எதையும் அவள் பிறகு யாரிடமும் திரும்பச் சொன்னதில்லை. அன்று மாலையே வேலை போயிற்று. தவறான ஆலோசனை சொன்னாள் என்று கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டார்கள். சோலைமலை பேசிய பேச்சு அவள் ஊருக்குள்ளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "என்னமோ மருந்த மாத்திச் சொல்லிட்டியாமே?" என்று கேட்டார்கள். அதெல்லாம்கூடப் பொறுக்கக்கூடியதாக இருந்தது. அவள் அம்மா ஜோஸ்பின், சோறு போட்டுக்கொண்டே, "நல்லா யோசிச்சுப் பாரு செல்வி. வாய் தவறி நீயே சொல்லிருப்பியோ?" என்று கேட்டாள். அது பொறுக்கவில்லை.

அதன்பிறகு மதுரைக்குப் போய் நெட்வொர்க் படித்தாள். ஒருநாள் வகுப்பில் ரூட்டர் எப்படி வரிசை வைக்கிறது என்று பாடம் நடந்தது. வெளியே போகும் பாதை குறுகல். எல்லாத் தகவலும் துண்டு துண்டாக அந்தப் பாதைக்கு வரும்போது எதை முதலில் விடுவது, எதை நிறுத்தி வைப்பது என்று ரூட்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும். படமோ கோப்போ செத்த நேரம் நின்று போகலாம். பேச்சு நிற்க முடியாது. பிந்தி வந்த சொல்லை எதிர்முனை போன் தூக்கிப் போட்டுவிடும். அதனால் பேச்சைத்தான் எப்போதும் முதல் வரிசையில் வைப்பார்கள் என்றார் ஆசிரியர்.

"கடைசில வச்சா என்ன சார் ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

"பாதிச் சொல்லு போகும், பாதி போகாது. பேசுறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. அவங்க காதுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

அன்று விடுதிக்குத் திரும்பியவள் சாப்பிடவில்லை. மனசுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது போல இருந்தது. தான் தவறிச் சொல்லவில்லை என்று தெரிந்ததில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. படிப்பை முடித்து இன்டர்நெட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது ஆறவில்லை.

இப்போது அதே மாடிப்படி. உள்ளே ஹெட்செட் மாட்டிய பெண்கள் முன்பைவிட இரண்டு வரிசை கூடியிருந்தார்கள். பிரபுவுக்குத் தொப்பை வைத்திருந்தது. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அட, நீ இங்க வேலை பாத்த பொண்ணுல்ல? கல்யாணமாகிப் போயிட்டியோன்னுல்ல நெனச்சேன்."

அவனுக்கு எல்லாம் மறந்தே போயிருந்தது. இத்தனை வருடம் அவள் தினமும் நினைத்துக்கொண்டிருந்ததை அவன் ஒரு நாள்கூட நினைக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், வருகிற வழியில் மனசில் இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

உள்ளறையில் ஒட்டன்சத்திரத்துக்காரர் பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தார். நான்கு மாவட்டக் கிளைகளுக்கும் அவர்தான் பொறுப்பு. புகார்கள் அதிகமாகிவிட்டதால் நேரில் பார்க்க வந்திருந்தார். "வாங்கம்மா. இன்னைக்கு என்ன ஏதுன்னு பாத்துருங்க" என்றார்.

சகாயசெல்வி லேப்டாப்பை உள்ளறைக் கதவை ஒட்டி இருந்த ரூட்டரில் இணைத்தாள். முதலில் ஒரு கோளாறும் தெரியவில்லை. குரல் போனது, வந்தது, ஒரு துண்டும் விழவில்லை. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றான் பிரபு. அவள் ரூட்டருக்குள் எழுதி வைத்திருந்த வரிசையைப் படித்தாள். வீடியோ முதலில். பிறகு கோப்புகள். எல்லாவற்றுக்கும் கீழே, மிச்சம் மீதி இருந்தால் போகட்டும் என்பது போல, பேச்சு. பார்க்கப் போவது இதைத்தான் என்று தெரிந்தே வந்திருந்தும் அவள் அதை இன்னொரு முறை படித்தாள்.

"சார், இதுல வீடியோவ முதல்ல வச்சிருக்காங்க."

"அதுல மட்டும் கை வைக்காத. கோயம்புத்தூர் மீட்டிங்ல என் படம் நின்னு நின்னு போச்சுன்னு திட்டு வாங்கினேன். நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்."

"எப்பருந்து சார்?"

"ஆபீஸ் தொறந்த வருசமே. வயர் இழுக்க வந்தவன்கூடச் சொன்னான், போன் விட்டு விட்டுக் கேக்கும்னு. கேட்டா கேட்டுட்டுப் போகுதுன்னேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான்! அப்படியென்றால் அன்றைக்கு விரலை நீட்டியபோதே அவனுக்குத் தெரியும். வரிசையை மாற்ற அவளுக்கு ஐந்து நிமிடம் போதும். அவள் மாற்றவில்லை.

"சார், ஒரு சோதனை பண்ணிரலாம். எப்பவும் கோயம்புத்தூருக்கு வீடியோ அனுப்புவீங்கல்ல, அத அனுப்புங்க. அனுப்பிக்கிட்டே நீங்க ஒரு விவசாயிகிட்டப் பேசணும். பெரியவரும் கேக்கட்டும்."

பிரபு மறுக்கப் பார்த்தான். பெருமாள்சாமி, "பேசுங்க பிரபு, அதுக்குத்தானுங்களே வந்திருக்கறோம்" என்றார். அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அவள் ஒரு காலத்தில் உட்கார்ந்த வரிசையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். எதிர்முனை பேசுவது எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, அவள் ஒரு எண்ணை அழுத்தினாள். அதை அவள் எதையும் பார்த்து அழுத்தவில்லை.

"யாரு?" என்று சோலைமலையின் குரல் கணீரென்று வந்தது.

"விதைக் கம்பெனிலருந்து பேசுறோம்" என்றான் பிரபு.

"என்னது? வெதையா?"

அவள் ஒரு தாளை பிரபு முன்னால் நகர்த்தினாள். அவன் படித்தான். "பூ மருந்து டேங்குக்கு ஒரு மூடி ஊத்தக் கூடாது, கால் மூடிதான்."

"ஒரு மூடி… மூடிதானா?"

"ஒரு மூடி கூடாதுங்க! கால் மூடி!" பிரபு கத்தினான். பெண்கள் ஒவ்வொருவராக ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

"ஒரு மூடி ஊத்தவா சொல்ற? ஏலே, யாருலே நீ? மூணு வருசத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு மூடி ஊத்தச் சொல்லி என் கத்தரித் தோட்டத்தையே மொட்டையாக்குனீங்க! இன்னொருக்காச் சொல்ல வந்துட்டியாக்கும்?"

"நான் அப்படிச் சொல்லலைங்க! நான் சரியாத்தான் சொல்றேன்! லைன்தான் சரியில்ல!"

சொன்ன பிறகுதான் பிரபுவுக்கு உறைத்தது. அவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கு எல்லாம் ஞாபகம் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, வீடியோ போய்க்கொண்டிருக்கும்போதே, பேச்சை முதல் வரிசைக்கு ஏற்றினாள். ரூட்டரில் விழுந்துகொண்டிருந்த துண்டுகளின் எண்ணிக்கை அப்படியே நின்றது. பிரபுவின் தலையிலிருந்து ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, இப்பக் கேக்குதா?"

"கேக்குது. நல்லாக் கேக்குது. யாரு தாயி?"

"அன்னைக்கு உங்ககிட்டப் பேசினவ. சகாயசெல்வி. ஒரு மூடி ஊத்தக் கூடாதுண்ணே, கால் மூடிதான்னு சொன்னேன். உங்களுக்குக் கேட்டது பாதிதான். இப்ப இங்க மேனேஜர் பேசினதும் உங்களுக்குப் பாதிதான் கேட்டுச்சு."

"அடியாத்தி" என்றார் சோலைமலை. உடனே போனை வைத்துவிட்டார்.

பெருமாள்சாமி எழுந்து வந்தார். "ஏனுங்க பிரபு, இந்தப் புள்ள தப்பாச் சொல்லிப்போட்டான்னு நீங்கதானுங்களே எங்களுக்கு எழுதுனீங்க?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. பிரபு என்னவோ சொல்ல ஆரம்பித்தான். "லைன் விட்டு விட்டுக் கேக்கும்னு அப்பவே சொன்னாங்கன்னு இப்பத்தான் உங்க வாயாலயே சொன்னீங்க" என்று அவர் உள்ளறைக்குள் போய்விட்டார். சகாயசெல்வி இன்னும் நாலைந்து அழைப்புகள் போட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு கிளம்பினாள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்த வாரத்துக்குள் பிரபுவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று சுருளிவேல் சொன்னான். சில நாள் கழித்துப் பிரபு அவளுக்குப் போன் செய்தான். அது மெஷின் கோளாறுதான், ஆள் மேல் தப்பில்லை என்று கோயம்புத்தூருக்கு அவள் ஒரு மெயில் போட்டால் போதும் என்றான். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றான். வேறு எங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்றான். அவள் கடைசிவரை கேட்டாள். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கேட்டது.

"ஒண்ணும் புரியல சார். வாயத் தொறந்து பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.

சோலைமலை அவள் வீட்டுக்கே வந்தார். மனைவி சண்முகவள்ளியைக் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிறைய வெள்ளைக் கத்தரிக்காயும் கொண்டு வந்திருந்தார். ஜோஸ்பின் காபி போட ஓடினாள். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, "தெரியாமப் பேசிப்புட்டேன் தாயி. மனசுல வச்சுக்காத" என்றார்.

"என்னைப் பேசினது இங்க இல்லையேண்ணே" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. சண்முகவள்ளிக்குப் புரிந்தது. "அங்க வந்து சொல்லணுங்குது" என்றாள் மெதுவாக.

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சகாயசெல்வி முன்னால் வண்டியில் போக, அவர்கள் ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். மாடியில், அன்றைக்கு நின்று கத்திய அதே இடத்தில் நின்று, ஹெட்செட் மாட்டிய அத்தனை பெண்களும் பார்க்க, "இந்தப் புள்ள மேல தப்பு இல்ல. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்று சொன்னார். குரல் பிசிறியது. அவள் நன்றி சொல்லவில்லை. போய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. படியிறங்கும்போது சண்முகவள்ளி அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கையை மட்டும் அவள் உதறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நல்ல பசி. ஜோஸ்பின் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அந்தக் கத்தரிக்காயையே வெஞ்சனமாக வைத்திருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரு சொன்னாராடி?"

"சொன்னாரு."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

ஜோஸ்பின் சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அன்னைக்கு நானும் உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டேன்ல செல்வி" என்றாள்.

"ஆமா. கேட்ட" என்றாள் மகள்.

அம்மா இன்னும் ஏதாவது வரும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகாயசெல்வி கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.