பார்க்கிற பக்கம்

கத்தரிக்கோல் படத்தின் பாதிவரை வந்துவிட்டது. ராசம்மாள் அப்போதுதான் கவனித்தாள்.

"ஐயோ, அதையா வெட்டறீங்க நங்கையா?"

அவள் புருசன் சடையனின் அக்கா பெரியநாயகி கையை நிறுத்தவில்லை. "வேறென்ன பண்றது? செத்தவன் படத்தோட உசுரோட இருக்கறவ படத்தச் சேத்து வெப்பாங்களா? பிளெக்ஸ்காரன் படங் கேக்கறான். ஆதார் கார்டுல இருக்கறது இவனாட்டமே இல்லை."

படம் இரண்டு துண்டானது. மகன் சிவக்குமார் அப்பாவின் பாதியைச் செல்போனில் பிடித்துத் திருச்செங்கோட்டுக் கடைக்கு அனுப்பினான். அம்மாவின் பாதி பீரோவுக்குள் போனது. வாசல் பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் சடையன் கிடந்தான். லீவுக்கு வந்த இடத்தில், பொழுது கிளம்புவதற்கு முன் நெஞ்சைப் பிடித்தவன்தான், வண்டி வரும்வரைகூடத் தாங்கவில்லை.

சடையன், ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் டிரில்லர். வருசத்தில் முக்கால்வாசி நாள் ஒடிசாவில்தான். போர்வண்டிக்காரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் படமெடுத்த தமிழினி என்கிற பெண், அங்கே அவனைப் பிடித்தாள், உடம்பெல்லாம் கல்மாவு வெள்ளையாய். பிறகு ஊருக்கு வந்து, காலிக் குடத்தோடு நின்ற ராசம்மாளை. அவன் வலப்பக்கம் திரும்பியிருந்தான், இவள் இடப்பக்கம். சேலத்துக் கண்காட்சியில் இரண்டையும் ஒட்டி ஒரே அட்டையில் வைத்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

அங்கே ஒரு அம்மாள் அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராசம்மாளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. புருசனிடம் கிசுகிசுத்தாள்.

"நெசமா எதைப் பாத்தீங்க அப்ப?"

"கம்ப்ரசர் சூடாவுதான்னு பாத்தேன். நீ?"

"தண்ணி லாரி வருதான்னு."

சடையன் சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பியது. ஆனாலும் தமிழினியிடம் கேட்டு அந்தப் படத்தை வாங்கி வந்து, தானே ஆணி அடித்து மாட்டினான்.

"பொய்யின்னு தெரிஞ்சே மாட்டறீங்களே?"

"இருக்கட்டும் புள்ள. கல்யாணத்துல எடுத்த பிலிமுல வெளிச்சம் பூந்து போச்சு. நாம சோடியா இருக்கற படம் வேற எது இருக்குது?"

லீவுக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு அதற்கு நேரே உட்கார்ந்துகொள்வான்.

ஐஸ் பெட்டிக்குப் பின்னால் பிளெக்ஸ் கட்டச் சிவக்குமார் இரண்டு மூங்கில் நட்டான். ராசம்மாள் அளவெடுப்பவள்போல் பார்த்திருந்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி வாசற்படிப் பக்கம் போட்டுக்கொண்டாள். பிளெக்ஸ் கட்டினால் படத்தில் அவன் கண் அந்தப் பக்கந்தான் வரும். ஃபேன் காற்றும் அங்கேதான் அடித்தது என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மத்தியானம் பிளெக்ஸ் வந்தது. கயிறு இழுத்துக் கட்டியதும் சனம் எழுந்து நின்று பார்த்தது.

"என்ன களையா இருக்கறான் பாரு எந்தம்பி!" என்று பெரியநாயகி மாரில் அடித்துக்கொண்டாள்.

ராசம்மாள் சட்டையைத்தான் பார்த்தாள். பை நெஞ்சின் வலப்பக்கம் இருந்தது. முகம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"சாமி, இதென்னடா, அப்பனத் திருப்பி அடிச்சிருக்கறாங்க?"

சிவக்குமார் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஆமாம்மா. கண்ணீர் அஞ்சலின்னு எழுத எடம் பத்தலீன்னு டிசைன் பண்றவன் திருப்பிப் போட்டுட்டானாட்ட இருக்குது. வேற அடிச்சுத் தரச் சொல்லட்டுமா?"

"அதுக்குள்ள எடுத்துருவாங்க. உடு."

ராசம்மாள் எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு ஐஸ் பெட்டியைச் சுற்றி ரோட்டுப் பக்கம் போனாள். அங்கே பந்தல் துணி எட்டவில்லை. வெயில் நேராக விழுந்தது.

"ஏம்புள்ள, கிறுக்கா உனக்கு? வெய்யில்ல போயி உக்கார்றே. ஃபேனு இங்கல்ல ஓடுது!"

"இருக்கட்டுங்க நங்கையா. எனக்கு இங்கியே போதும்."

மாலையோடு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ராசம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். தூரத்தில் தண்ணி லாரி வருகிறதா என்று பார்ப்பவள்போல, கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.