முந்திரிக்கொட்டைக்கு ஒரு பரிந்துரை

குறையே எழுதாத பரிந்துரைக் கடிதத்தை நான் நம்புவதில்லை. அன்பானவர், பண்பானவர், கடின உழைப்பாளி என்று ஒரு பக்கம் நிரப்பிக் கையெழுத்துப் போடுவதற்கு மேற்பார்வையாளர் எதற்கு? கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரே போதும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று இந்த ஆலோசனை மையத்தில் எல்லோருக்கும் தெரியும். என் கடிதத்தில் பொய் இருக்காது என்பதும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயரை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

இந்த வருடம் என்னிடம் உளவியல் பயிற்சிக்கு இருந்தவள் ஒருத்திதான். நான் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அந்தக் கொட்டையைப் போல, எதிரே இருப்பவர் வாயை மூடுவதற்குள் இவள் அடுத்த கேள்வியோடு வந்து நிற்பாள். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன். பாவம், சிரித்துக்கொள்வாள்.

அவள் விண்ணப்பித்திருந்தது பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு வருடப் பயிற்சிக்கு. அதை முடித்தால்தான் நோயாளிகளைத் தனியாகப் பார்க்க உரிமம் கிடைக்கும். மொத்தம் ஆறு இடம். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைதான் விண்ணப்பிக்கலாம். என்னிடம் வருவதற்கு முன்பே ஒருமுறை போட்டுக் கிடைக்காமல் போயிருந்தது. இது இரண்டாவது முறை. இதுவும் போனால் படித்த படிப்பைச் சுருட்டிப் பரண்மேல் போடவேண்டியதுதான்.

நான் நல்ல கடிதம்தான் எழுதினேன். நாணயமானவள், நேரம் தவறாதவள், நோயாளிகள் அவளை நம்புகிறார்கள் என்றெல்லாம் மனதாரவே எழுதினேன். விண்ணப்பத்தில் 'குறை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன்: "நோயாளியின் மௌனத்தைத் தாங்கமாட்டாள். உடனே அடுத்த கேள்வியைப் போடுகிறாள். பலமுறை சொல்லியும் மாறவில்லை."

செவ்வாய்க்கிழமை காலை, நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லெட்டர்ல என்னைப் பத்தி நீங்க எழுதினது நெஜம் இல்ல மேடம்."

"எது நெஜம் இல்ல?"

"நான் மத்தவங்களப் பேச விடாம கேள்வி கேக்கறேன்னு எழுதியிருக்கீங்க. நேத்து இன்டர்வியூல அதப் படிச்சுக் காட்டினாங்க. நான் காத்திருந்துதான் கேக்கறேன்னு சொன்னேன். பாருங்க, குறையச் சொன்னாக்கூட ஒத்துக்க மாட்டேங்கறீங்கன்னு சிரிச்சாங்க. வெள்ளிக்கிழமை வர்ற லிஸ்ட்ல என் பேர் இருக்காதுன்னு அங்கேயே சொல்லிட்டாங்க."

துடைத்துக்கொண்டிருந்த துணியை மேசைமேல் வீசினேன். நேற்று முளைத்தவள் என் மேசைக்கு முன்னால் நின்று என்னைப் பொய்க்காரி என்கிறாள்.

"வாரா வாரம் உன் டேப்பக் கேட்டுட்டுத்தான் எழுதியிருக்கேன். நீ பொய் சொல்லலாம், நான் பொய் சொல்லலாம். டேப் பொய் சொல்லுமா?"

"இதையேதான் மேடம் ஆறு மாசமாச் சொல்றீங்க. ஒரே ஒரு தடவ என்னோட உக்காந்து கேளுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுட்டுப் போறேன்."

எங்கள் வழக்கம் இது. பயிற்சிக்கு வருகிறவர்கள், எதிரே இருப்பவரின் சம்மதத்தோடு, ஐம்பது நிமிட அமர்வைப் பதிவு செய்வார்கள். மேற்பார்வையாளர் அதை முழுக்கக் கேட்டு, வாரம் ஒருமுறை கூப்பிட்டு உட்காரவைத்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும். மற்ற மையங்களில் பாதிப் பேர் முதல் பத்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு முடித்துக்கொள்வார்கள். நான் அப்படியில்லை. மாலையில் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு, ஆதியோடு அந்தமாகக் கேட்பேன். அந்தத் திமிரும் எனக்கு உண்டு.

அலுவலகக் கம்ப்யூட்டரில் அவள் போட்டாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவருடைய அமர்வு அது. மனைவி இறந்து பத்து மாதமான மனிதர். நான் அதை ஏற்கெனவே கேட்டதுதான், வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. "அவ போனப்புறம் வீட்டுக்குப் போகவே பிடிக்கல" என்பார். இவள் சட்டென்று, "வீட்ல எந்த இடம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்பாள். அந்தச் சட்டென்றுக்காக அவளை அரை மணி நேரம் வறுத்தெடுத்திருக்கிறேன்.

அவர் சொன்னார், வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை என்று. அப்புறம் சத்தமே இல்லை.

நான் திரையைப் பார்த்தேன். "நின்னுபோச்சா என்ன?"

"ஓடுது மேடம்."

நொடிகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. எங்கோ நாற்காலி கிறீச்சிட்டது. அவர் மூக்கை உறிஞ்சினார். ஒரு நிமிடம் பத்து நொடி கழித்து அவள் குரல், மெதுவாக, கேட்டது. வீட்ல எந்த இடம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?

"இது நான் கேட்ட டேப் இல்ல" என்றேன்.

"அதே டேப்தான். தேதியப் பாருங்க."

என் கைப்பேசியை எடுத்து அதே பதிவை அதில் போட்டேன். பிடிக்கல, எந்த இடம் ரொம்பக் கஷ்டமா இருக்கு. நடுவில் ஒரு மூச்சுவிடக்கூட இடமில்லை. அவள் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, எதையோ இரண்டு முறை தொட்டு, என்னிடம் திருப்பிக் காட்டினாள். 'அமைதியான பகுதிகளைத் தவிர்' என்று ஒரு வரி. அதன் பக்கத்தில், அது இயங்குகிறது என்று காட்டும் பச்சைப் புள்ளி.

வருட ஆரம்பத்தில் இந்தக் கைப்பேசியை வாங்கியபோது என் தங்கைதான் எல்லாம் போட்டுக் கொடுத்தாள். அங்கேயிருந்தே தங்கையைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன்.

"நீதானேக்கா நேரமே இல்லன்னு பொலம்பின. எல்லாம் சீக்கிரம் முடியும்னு சொல்லித்தானே போட்டேன். நீ கூட தேங்க்ஸ் சொன்ன" என்றாள் அவள். தங்கையைத் திட்டி என்ன பயன். ஐம்பது நிமிட அமர்வு முப்பத்தைந்து நிமிடத்தில் முடிகிறதே, ஏன் என்று இந்த ஆறு மாதத்தில் நான் ஒருமுறை கேட்டேனா? என் நிறுத்தத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். படித்த முட்டாள் என்பார்களே, அது நான்தான்.

"ஆரம்பத்துலயே நீ சொல்றதுக்கென்ன?" என்று முந்திரிக்கொட்டையிடம் திரும்பினேன். அப்போதும் கோபத்தை அவள்மேல் தள்ளத்தான் புத்தி போனது.

"சொன்னேனே மேடம். ஒரு நிமிஷத்துக்கு மேல காத்திருந்தேன்னு மூணு தடவ சொன்னேன். 'அது உன் பதட்டம், பதட்டத்துல பத்து செகண்டு ஒரு நிமிஷமாத் தெரியும், அதப் பத்தி யோசி'ன்னீங்க."

சொல்லியிருக்கிறேன். பக்குவமான குரலில், தலையைச் சாய்த்து. எதிர்த்துப் பேசுகிறவளுடைய வாயை அடைக்க எங்கள் தொழிலில் இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

"அப்புறம் என்ன பண்ணின?"

"என் மனசுல ஓடற நேரம் தப்புன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதனால எண்ண ஆரம்பிச்சேன். மொதல்ல அறுபது வரைக்கும். அடுத்த வாரமும் திட்டினீங்க, தொண்ணூறு ஆக்கினேன். அப்பவும் திட்டினீங்க. கடைசி டேப்பப் போடட்டுமா?"

போட்டாள். நான்கு நிமிடம் இருபது நொடி. அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் அந்த நான்கு நிமிடத்தையும் உட்கார்ந்து கேட்டோம். லிஃப்ட்காரர் செருமினார். "என்னம்மா, இருக்கீங்களா?" என்றார். பதில் இல்லை. பிறகு நாற்காலி நகரும் சத்தம். "செவுத்துகிட்டப் பேசணும்னா எங்க வீட்லயே நாலு செவுரு இருக்கும்மா." கதவு சாத்துகிற சத்தத்தோடு பதிவு முடிந்தது.

இந்தப் பதிவையும் நான் பேருந்தில் கேட்டிருக்கிறேன். அவர் என்னமோ சுவர் என்கிறார், முந்திரிக்கொட்டை பேசிப் பேசியே ஆளைத் துரத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு உட்கார்ந்துதான் அந்தக் 'குறை' கட்டத்தை நிரப்பினேன்.

"அவர் அப்புறம் வந்தாரா?"

"வரல மேடம். ரெண்டு தடவ போன் பண்ணினேன். எடுக்கல."

தேர்வுக் குழுத் தலைவரை உடனே போனில் கூப்பிட்டேன். பழைய பழக்கம், ஒன்றாக வேலை பார்த்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "தட்டச்சுல தப்பு, வேற ஒருத்தர் லெட்டர்ல வர வேண்டிய வரி மாறிப்போச்சுன்னு எழுதிக் குடுங்க. விஷயம் முடிஞ்சுது. உள்ளத எழுதினா உங்க மேற்பார்வை அனுமதியத்தான் முதல்ல தூக்குவாங்க" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஆறு மாதம் அவளை ஏறி மிதித்துவிட்டு, தட்டச்சுக்காரர் தலையில் பழியைப் போடுவதா? உள்ளதை உள்ளபடி எழுதினேன், பச்சைப் புள்ளி உட்பட. என் கையெழுத்தைப் போட்டு, பதிவுகளையும் இணைத்து அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். வியாழக்கிழமை காலை மறுபடி நேர்முகத் தேர்வு. இந்த முறை கேள்வி பதில் கிடையாது. குழுவின் முன்னால், நோயாளியாக நடிக்கும் ஒருவரோடு இருபது நிமிடம் பேசிக் காட்ட வேண்டும்.

என் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். பேசிக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. முதல் மாதத்துப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் மறுபடி கேட்டேனே, எத்தனை அழகாகக் காத்திருக்கிறாள், எத்தனை சரியான இடத்தில் ஒரு வார்த்தை சொல்கிறாள். என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவும் அவளுக்கு இருந்திருக்கவில்லை.

புதன்கிழமை அவளை அழைத்து, "எண்ணறத விட்டுடு. நீ மொதல்ல எப்படி இருந்தியோ அப்படியே இரு" என்றேன்.

"சரி மேடம்" என்றாள்.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்னால் என்ன ஆகும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மற்றவர்களுடைய பழக்கங்களை மாற்றுவதற்கென்றே படித்துச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கிற எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. தலைவரைக் கூப்பிட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நான் என் அனுமதியப் பணயம் வச்சு எழுதிக் குடுத்திருக்கேன். அப்புறமும் எடுக்கலன்னா என்ன அர்த்தம்? மொதல்லயே முடிவு பண்ணிட்டுக் கண்துடைப்புக்குத்தான் கூப்பிட்டீங்களா?"

அவர் என்னைக் கத்தவிட்டார். நான் ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"மேடம், உங்க ரெண்டாவது லெட்டர நாங்க முழுசா நம்பினோம். அவங்கள எடுக்கணும்னுதான் எல்லாரும் உக்காந்திருந்தோம். பிள்ளையப் பறிகொடுத்த தாயா எங்க நர்ஸ் ஒருத்தங்க நடிச்சாங்க. பாதியில நெஜமாவே அழுதுட்டாங்க, அவங்களுக்கும் சொந்தமா ஏதோ இருந்திருக்கு. உங்க பொண்ணு அசையல. ஒரு வார்த்தை இல்ல, கையில ஒரு டிஷ்யூ எடுத்துக் குடுக்கல. கடைசியில எங்க ஆள் ஒருத்தர் எழுந்து போய் நர்ஸை வெளிய கூட்டிட்டுப் போனாரு. இப்படி ஒருத்தரை வார்டுல நோயாளி பக்கத்துல எப்படி விடறது, நீங்களே சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன். திங்கட்கிழமை நேர்முகத்தில் அவளிடம் இல்லாத குறைக்காகத் தள்ளினார்கள். வியாழக்கிழமை, இருந்த குறைக்காகத்தான் தள்ளியிருக்கிறார்கள், அதை அவளுக்குக் கொடுத்தவள் நான். இனி யார்மேல் கோபப்படுவது? கைப்பேசியை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அடித்தேன். அது உடையக்கூட இல்லை.

அவள் பின்னறையில் இருந்தாள். தன் கோப்புகளை அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அடுத்து வருகிறவருக்குக் குறிப்பு எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரருடைய கோப்பு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதில் கொட்டை எழுத்தில், 'இவரிடம் பேசவும்' என்று எழுதியிருந்தாள்.

"நான் மேல எழுதறேன். இதுக்கும் மேல ஆள் இருக்கு. விடமாட்டேன் நான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வேண்டாம் மேடம். அவங்க செஞ்சது சரிதான்."

"எது சரி? நீ நோயாளிங்கள நல்லாப் பாக்கற பொண்ணு. எனக்குத் தெரியும்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. குறிப்பின் ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தம்மா அழறது எனக்குத் தெரிஞ்சுது மேடம். அப்போ நான் முப்பத்தெட்டு வரைக்கும்தான் எண்ணியிருந்தேன்."