அளக்காத கடை

டெய்லரக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. வெளியாளுக்குத்தான் டேப், தன் ஆளுக்குக் கண்ணே போதும். தாய் போனபிறகு, தம்பியின் எட்டு வயதிலிருந்து அவனுக்கு அவள்தான் சட்டை தைக்கிறாள். ஒரு தடவைகூட அவன் தோளில் டேப் வைத்ததில்லை. அவன் வெளியூர் போய் வடிவமைப்புப் படித்து, கல்யாணம் முடித்து, கொஞ்சம் தொப்பையும் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோதுகூட வாசலில் நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தாள்; இடுப்பில் இரண்டு விரல் கூட்டி வெட்டினாள். கச்சிதமாக இருந்தது.

அவன் சும்மா வரவில்லை. பீங்கான் ஆலை மூடி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஆலைத் தெருவில் இருபத்து மூன்று கடைகள். பாதி நாள் பாதி ஷட்டர் ஏறாது. அந்தத் தெருவை எழுப்பி உட்கார வைக்கும் திட்டத்தை அரசாங்கம் அவனிடம் கொடுத்திருந்தது. ஆலை கலைக்கூடமாகும். கடைகளுக்கெல்லாம் ஒரே சாயலில் புது முகப்பு, பெயர்ப்பலகை, விளக்கு. வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து பார்க்க வேண்டும், பார்த்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது.

திட்டத்துக்குள் வரும் கடைக்குப் பத்து வருட உரிமைப் பத்திரம். வராத கடை காலி செய்ய வேண்டியதுதான், இடமெல்லாம் ஆலைக்குச் சொந்தம். டெய்லரக்காவுக்குக் கடையும் அதுதான், வீடும் அதுதான். முன்னால் மெஷின், திரைக்குப் பின்னால் அடுப்பும் கட்டிலும். அதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

தெரு முதலில் தம்பியை மதிக்கவில்லை. கையில் அளவுகோலோடு அலைந்ததால் ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர், ஒன்பது வருஷம் கிடந்த பிணத்துக்கு இப்போது பவுடர் பூச வந்துவிட்டார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மற்றவர்களும் அவரைப் பார்த்துச் சாத்தினார்கள். டெய்லரக்காதான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு கடையாக ஏறினாள். என் கையில் வளர்ந்தவன், நான் இருக்கிற தெருவை அவன் கெடுப்பானா என்று கேட்டாள். ஷட்டர்கள் ஏறின.

பத்து நாள் தெருவையே அளந்தார்கள். டேப்பின் ஒரு முனையைத் தம்பி பிடிக்க, மறுமுனையை அக்கா பிடித்தாள். தம்பியின் மனைவி எழுதிக்கொண்டாள். வாசல் அகலம், படி உயரம், ஜன்னல், சாக்கடை மூடி, ஒன்று விடவில்லை. கடைசியில் மூன்று பேரும் டெய்லரக்காவின் கடை முன்னால் வந்து நின்றார்கள்.

“உன் கடையை அளக்கணுமாக்கா? கண்ணை மூடிக்கிட்டே வரைவேன்,” என்று தம்பி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

தன் கொள்கை இவனுக்கும் ஒட்டிக்கொண்டதே என்று அக்கா பூரித்துப் போனாள். அருகில் நின்ற தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினாள். புருஷன் அக்கா மேல் உயிராக இருந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும், பாவம் என்று டெய்லரக்கா அவளுக்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தாள். ஒரு வாரம், பட்டன் வாங்க வந்தவர்களிடம்கூட இந்தக் கதைதான்.

ஆலையின் பழைய பேக்கிங் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். நடு மேஜையில் தெருவின் மாதிரி. மரத்தில் செதுக்கிய குட்டிக் கடைகள், நகமளவு பெயர்ப்பலகைகள், ஊசித் தலை போல விளக்குகள். அவரவர் கடையைக் கண்டுபிடித்துவிட்டுப் பெரியவர்கள் குழந்தைகளைப் போலச் சிரித்தார்கள். டெய்லரக்காவும் தேடினாள். கண்ணாடிக் கடையை ஒட்டி ஒரு பச்சை வட்டம், பஞ்சில் செய்த மூன்று மரங்கள், ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். அவள் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

“ஒரு கடை கீழ விழுந்திருச்சு போலம்மா,” என்று தம்பி மனைவியிடம் சொன்னாள்.

“விழலை அண்ணி. பஸ் நிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா ஆலை வாசல் தெரியணும். உங்க கடைதான் மறைக்குது.”

“இது எப்ப முடிவாச்சு?”

“அளக்கறதுக்கு முன்னாடியே. நான் உங்ககிட்ட சொல்லிரலாம்னேன். சொன்னா அக்கா நம்மகூட வரமாட்டா, அக்கா வராம ஒரு கதவும் திறக்காதுன்னு அவர்தான்…”

அப்போது கூட்டத்துக்கு வந்திருந்த அரசாங்க அதிகாரி எழுந்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். தம்பி மைக்கை வாங்கிக்கொண்டான். இந்தத் திட்டத்துக்கு முதன்முதலில் தன் இடத்தைக் கொடுத்தது தன் கூடப்பிறந்த அக்காதான் என்றான். கொட்டகை முழுக்கக் கைதட்டல்.

“நான் குடுக்கலை,” என்றாள் டெய்லரக்கா.

கைதட்டல் நின்றது. அதிகாரியின் பேனாவும் நின்றது. தம்பி சிரித்தான். அழகான சிரிப்பு, சின்ன வயதிலிருந்தே.

“எங்கக்கா இப்படித்தான் சார். தன் தட்டுல இருக்கிறதை எனக்குப் போட்டுட்டு, போடவே இல்லைன்னு சாதிப்பா.”

கூட்டம் உருகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெய்லரக்கா கண்ணாடிக் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். இருபது வருடப் பழக்கம்; அவர் மகள்களின் கல்யாண ரவிக்கைகள் எல்லாம் அவள் கையால் தைத்தவை.

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்க.”

அவர் மேஜையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அந்தப் பச்சை வட்டத்தால் அவர் கடைக்கு இரண்டு பக்கமும் முகப்பு கிடைத்திருந்தது.

“மரம் வந்தா எல்லாருக்கும் நிழல்தானேம்மா,” என்றார்.

பேனா ஓடத் தொடங்கியது.

அவள் கடைக்குத் திரும்பும்போது வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பி வாங்க வந்திருந்தார்கள். அப்புறம் உங்களை எங்கே என்று தேடுவது என்று ஒருத்தி நியாயம் பேசினாள். வெட்டியது, பாதி தைத்தது, கை மட்டும் வைக்காதது எல்லாவற்றையும் டெய்லரக்கா பெயர் பார்த்துத் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் தம்பி ஒரு தாளோடு வந்தான். அவள் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கலைக்கூடத்தில் அவளுக்காக ஒரு மூலை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னான். கண்ணாடித் தடுப்பு, நல்ல வெளிச்சம், இதே மெஷின். காலை பத்திலிருந்து ஐந்து வரை உட்கார்ந்து தைத்தால் போதும், வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

“யாருக்குத் தைக்கணும்?”

“யாருக்கும் இல்லைக்கா. சும்மா தைச்சுக்கிட்டு இருக்கணும். பார்க்க அழகா இருக்கும்.”

“ராத்திரி எங்க படுக்கறது?”

“அது உனக்கு ஏதாவது பார்க்கலாம்.” அவன் பேனாவை நீட்டினான்.

அவள் அந்தப் பேனாவைத் தொடவில்லை. நான் அங்கே வந்து தைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

“பரவாயில்லைக்கா,” என்றான், அன்பாகத்தான். “வேற யாரையாவது உட்கார வச்சுக்கறோம். மெஷினை மட்டும் எடுத்துட்டுப் போகாதே, அங்க வைக்கலாம், பழசா பார்க்க நல்லா இருக்கு. நீ பதினஞ்சாம் தேதிக்குள்ள காலி பண்ணிடு.”