முந்நூற்றுப் பதினேழாம் கிரேன்

ஃப்ரீசர் பெட்டியின் கால்மாட்டில் மாலையை வைத்த ஆள், மற்றவர்களைப் போல வாசல் பந்தலுக்குத் திரும்பாமல் ஷோகேஸ் பக்கம் நகர்ந்ததைச் சரண்யாதேவி பார்த்தாள். அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தவள் தலையைத் தூக்கிக்கொண்டாள். ஐம்பது வயதிருக்கும். நறுக்கிய நரைத்தாடி. இடக்கையில் ஒரு பெரிய கட்டைப்பை. மாலை வைக்கும்போதுகூட அதைக் கீழே விடவில்லை. ஷோகேஸ் முன்னால் குனிந்து, முழங்காலில் கையூன்றி, நடுத்தட்டைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். கண்ணாடித் தட்டு என்பதால் அப்படிப் பார்த்தால் உள்ளே நிற்கும் சின்ன மாடல் கிரேனின் அடிப்பாகம் தெரியும். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அதைப் படம் பிடித்தார்.

அப்பா செத்து இன்னும் ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை.

காலையிலிருந்து மூன்று பேர் போன் செய்திருந்தார்கள். மூவரும் அப்பா விருமாண்டி இருந்த வாட்ஸ்அப் குழுவின் ஆட்கள். துக்கம் விசாரித்த அதே மூச்சில், "அந்தக் கலெக்‌ஷன என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மொத்தமாக விலையே பேச ஆரம்பித்துவிட்டார். போனை வைத்துவிட்டு அவள் செய்த முதல் காரியம், ஷோகேஸைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டதுதான்.

விருமாண்டி முப்பது வருஷத்துக்கு மேல் கிரேனோடு கிடந்தவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஓட்டினார், ஆரல்வாய்மொழியில் காற்றாலை தூக்கினார், கடைசிக் காலத்தில் அவனியாபுரத்தில் கிரேன் வாடகைக்கு விடும் யார்டில் சூப்பர்வைசர். பழங்காநத்தத்தில் இந்த இரண்டு அறை வீட்டின் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஷோகேஸில் இருபத்தாறு கிரேன்கள் இருந்தன. எல்லாம் நிஜ வண்டியில் ஐம்பதில் ஒரு பங்கு. பொம்மை என்று யாராவது சொன்னால் முகம் சுண்டிப்போகும்; மாடல் என்று சொல்ல வேண்டும். எங்கெங்கோ இருந்து ஆட்கள் படம் அனுப்பி, வாங்கலாமா, இந்த விலை தகுமா என்று கேட்பார்கள். விருமாண்டி அண்ணன் வேண்டாமென்று சொன்ன பொருளை அந்தக் குழுவில் யாரும் தொட மாட்டார்கள்.

சரண்யாதேவி எழுந்து போனாள்.

"யாரு நீங்க?"

அந்த ஆள் நிமிர்ந்தார். போனை மறைக்கவில்லை. "பரீத்ம்மா. தெற்கு மாசி வீதியில பூட்டுக்கடை. அண்ணன் இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாரு. தெருமுனையில போஸ்டரப் பாத்துத்தான் தெரிஞ்சுச்சு. மாலை வாங்கிட்டு வந்தேன்."

"எதுக்கு வரச் சொன்னாரு?"

அவர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். "இங்க வச்சுப் பேச வேணாம்மா. நான் இன்னொரு நாள் வாரேன்."

இன்னொரு நாள் என்றதும் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. அப்பாவின் போன் அவள் கையில்தான் இருந்தது. திருப்பிக்கொண்டு தேடினாள். 'பரீத் பூட்டுக்கடை' புதன்கிழமை பதினொரு நிமிஷம் பேசியிருக்கிறார். நேற்றுக் காலை அப்பாவே அவருக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவும் பொய்யில்லை.

"உள்ள வாங்க," என்றாள்.

பின்னறையில் கட்டிலின் மேல் பரீத் பாய் கட்டைப்பையைக் கவிழ்க்காமல் மெதுவாக அட்டைப் பெட்டியை வெளியே எடுத்தார். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா பரணில் வைத்திருந்த பெட்டி. ஓரத்தில் பல்லி எச்சம் பட்ட கறைகூட அப்படியே இருந்தது.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"வெலைக்கு வாங்குனதும்மா. நாப்பத்திரண்டாயிரம். ஆடியில உங்க வீட்டுக்காரருதான் கடையில கொண்டாந்து குடுத்தாரு. மாமா குடுத்தனுப்பினாருன்னாரு. நான் வேற ஆள்கிட்டன்னா கையில வாங்கி அரை மணி நேரம் உருட்டிப் பாத்திருப்பேன். அண்ணன் வீட்டுப் பொருளாச்சேன்னு பாக்கலை."

பெட்டிக்குள் அந்த மஞ்சள் கிரேன் இருந்தது. சங்கிலிப் பட்டையில் ஊரும் வகை. ஆரல்வாய்மொழியில் அப்பா ஓட்டிய அதே வண்டியின் மாடல். நீளக் கை நுனியில் ஒரு கம்பி முறிந்து, முறிந்த இடம் வெள்ளையாகப் பல்லிளித்தது. உலோகம் முறிந்தால் வெள்ளையாகத் தெரியாது.

சரண்யாதேவி அதைத் தூக்கினாள். தூக்கிய கணமே கை ஏமாந்தது. எதிர்பார்த்த கனத்தில் பாதிகூட இல்லை. அப்பா எந்த மாடலையும் முதலில் உள்ளங்கையில் ஏந்திக் கண்ணை மூடிக்கொள்வார். "வெலைய மொதல்ல கேக்கக் கூடாது. கேட்டுட்டா கண்ணு அதுக்குத் தக்கனதான் பாக்கும்" என்பார். பிறகு கொக்கியைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். நல்லதென்றால் கயிறு விறைப்பாக நிற்கும். கப்பிகள் ஒவ்வொன்றும் தனியாகச் சுற்ற வேண்டும். எழுத்து அச்சாக இருக்க வேண்டும், ஒட்டுத்தாளாக இருந்தால் நகத்தில் மாட்டும். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கப்பி சுற்றவில்லை. கயிறு வெறும் தையல் நூல். எழுத்தின் ஓரம் நகத்தில் மாட்டியது.

"பெட்டிக்குள்ள ஒரு அட்டை இருக்கு பாருங்க," என்றார் பரீத் பாய். "அறுநூறு பீஸுதான் செஞ்சாங்களாம். அதுல இது முன்னூத்திப் பதினேழு. அந்த நம்பரு வண்டியோட அடியிலயும் இருக்கணும். கம்பி முறிஞ்ச பெறகுதான் கவுத்துப் பாத்தேன், இதுல இல்ல. அங்க ஷோகேஸுல நிக்கிற வண்டியில இருக்கு." போனை நீட்டினார். படத்தில் 317 தெளிவாக இருந்தது. "அதைப் பாக்கத்தாம்மா குனிஞ்சேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

அவள் கையிலிருந்ததைக் கவிழ்த்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். அசலுக்குப் பக்கத்தில் போலியை வைத்துப் பார்த்தால்தான் கண் பழகும் என்று அப்பா தெரிந்தே வாங்கிப் பரணில் போட்டிருந்த போலி இது. யாரும் இதைக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாதென்று அடியில் ஆணியால் 'டூப்பு' என்று கீறினார். டார்ச் பிடித்தது அவள்தான். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கீறல் இருந்த இடம் இப்போது வழவழவென்று கறுப்பாக இருந்தது. விரலால் தடவினாள். அரத்தால் ராவிய பள்ளம். மேலே அடித்த பெயிண்ட், சுற்றியிருந்த மங்கலான கறுப்போடு சேராமல் பளபளத்தது. டூவீலர் சேஸிஸுக்கு அடிக்கிற கறுப்பு. அவள் புருஷன் சூர்யபிரகாஷின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அலமாரி அலமாரியாக இருக்கும். அவன் சட்டைக் கையில் அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

குழுவில் படம் போடுவது, பேசுவது, கூரியரில் அனுப்புவது எல்லாம் அவன்தான். அப்பாவுக்கு டைப் அடிக்க வராது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சான்னு மொகத்துக்கு நேரா கேக்கணும்னுதான் போன் பண்ணேன்," என்றார் பரீத் பாய். "சொன்னதும் அண்ணன் நம்பர ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னாரு. அப்புறம், ஞாயித்துக்கெழமை பொருளக் கொண்டு வாங்க, வேற யார்ட்டயும் வாயத் தொறக்காதீகன்னாரு. நான் அவரத்தாம்மா சந்தேகப்பட்டேன். அந்த நெனப்போடதான் மாலையும் வாங்குனேன்."

ஒரு கணம் அவளும் அப்பாவைச் சந்தேகப்பட்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

"கொஞ்சம் இருங்க."

கூடத்துக்கு வந்து அம்மா அன்னக்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதிதாக வந்த பெண்கள் இருவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு நகரும் வரை காத்திருந்தாள்.

"அம்மா, அப்பா இந்த வாரம் பரண்ல ஏறினாரா?"

அன்னக்கொடி அவளை உற்றுப் பார்த்தாள். "புதன்கெழமையிலருந்து அதே வேலைதான். எறங்குறாரு, ஏறுறாரு. எம்புட்டுக் கேட்டும் என்னத்தத் தேடுறேன்னு சொல்லல."

"நேத்து யாரும் வந்தாங்களா?"

"மத்தியானம் மாப்ள வந்தாரு. உங்கப்பாதான் வரச் சொன்னாராம். உள்ரூமுல கதவச் சாத்திக்கிட்டுப் பேசுனாக. சத்தம் ஒண்ணும் கேக்கல. மாப்ள காப்பிகூடக் குடிக்காம போயிட்டாரு. உங்கப்பா சோறு வேணாம்னுட்டாரு." அம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "சேர்லயே ஒக்காந்திருந்தாரு. ஆறு மணிக்கு நெஞ்சப் பிடிச்சாரு."

நேற்று மத்தியானம் சூர்யபிரகாஷ் தன்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று சரண்யாதேவி யோசித்தாள். திருமங்கலம் வரை வசூலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் காலடியில் விழுந்து குழந்தை மாதிரி அழுததும் அவன்தான். அந்த அழுகையை வேறு மாதிரி நினைத்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

முடிச்சை அவிழ்த்து ஷோகேஸைத் திறந்தாள். நடுத்தட்டில் இருந்த மஞ்சள் கிரேனை இரண்டு கையாலும் எடுத்தாள். "ஐஸ் பெட்டியத் தூக்குறப்ப இடிச்சிரும்" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

பரீத் பாய் அவள் செய்யப்போவதைப் புரிந்துகொண்டு எழுந்துவிட்டார். "வேணாம்மா. துக்க வீட்டுலருந்து சாமானத் தூக்கிட்டுப் போனா நல்லாருக்காது. இது அண்ணன் ஓட்டுன வண்டி. பதினாறு கழியட்டும், பேசிக்குவோம்."

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்க வேண்டியது இதுதான் பாய். அப்பா உங்கள வரச் சொன்னதும் இதுக்காகத்தான் இருக்கும். பதினாறு வரைக்கும் இது இந்த வீட்ல இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

கடைசியாகச் சொன்னது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அவர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவளே கிரேனைப் பெட்டியில் பள்ளம் பார்த்துப் படுக்கவைத்தாள், கொக்கியைப் பஞ்சில் பொதிந்தாள், மூடினாள். போலியைக் கொண்டுபோய் நடுத்தட்டில், முறிந்த நுனி சுவர்ப்பக்கம் இருக்கும்படி நிறுத்திப் பூட்டினாள்.

பரீத் பாய் வாசலுக்குப் போகவும் சூர்யபிரகாஷ் வண்டி ஏற்பாடு முடித்துவிட்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. இருவரும் நிலைப்படியில் நேருக்கு நேர் நின்றார்கள். சூர்யபிரகாஷ் முதலில் கட்டைப்பையைப் பார்த்தான், பிறகுதான் முகத்தைப் பார்த்தான். பரீத் பாய் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார்.

அவன் நேராக அவளிடம் வந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"அந்தப் பாய் என்ன சொன்னாரு?"

"அப்பாவத் தெரியுமாம்."

"பையில என்ன?"

"கேக்கல."

அவன் கண் ஷோகேஸுக்குப் போனது. நடுத்தட்டில் மஞ்சள் கிரேன் நின்றது. அவன் தோள் தளர்ந்து இறங்குவதை அவள் பார்த்தாள். இத்தனை வருஷம் படம் எடுத்துப் போட்டவனுக்கு நாலடி தூரத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று மணிக்கு உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தார்கள். உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த சித்தப்பா, விருமாண்டியின் தம்பி, பந்தலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அண்ணனுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. மாப்ளதான் மகனா இருந்து பாத்தாரு. அவரே கொள்ளி வைக்கட்டும். என்ன சொல்றீக?"

ஊர் ஆமென்றது. சூர்யபிரகாஷ் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நான் வைக்கிறேன் சித்தப்பா," என்றாள் சரண்யாதேவி.

கொட்டு அடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா அவளை ஓரமாகக் கூட்டிப்போனார். "தாயி, பாசம் இருக்கத்தான் செய்யும். பொம்பள சுடுகாட்டுக்கு வாரது நம்ம வழக்கமில்ல. மாப்ள மனசு என்னத்துக்கு ஆகும்?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது."

சூர்யபிரகாஷ் பாதி கழற்றிய சட்டையோடு அவளைப் பார்த்தான். ஏன் என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவள் மனது வேறு மாதிரி போயிருக்கும். அவன் கேட்கவில்லை. குனிந்து பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

பெண்களுக்கு நடுவிலிருந்து அன்னக்கொடியின் குரல் வந்தது. காலையிலிருந்து அழுததில் கட்டிப்போன குரல். "அவளே வைக்கட்டும் கொழுந்தனாரே. அம்புட்டுத்தேன்." மகளைப் பார்க்காமல் சொன்னாள். மருமகனையும் பார்க்கவில்லை.

தத்தனேரியில் கேஸ் தகன மேடையில் கூட்டம் இருந்தது. முறை வரும்வரை ஒரு மணி நேரம் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்தி. அலுவலக ஜன்னலில் இருந்தவர் படிவத்தை நீட்டி, "இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?" என்றார். "மக," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் நெஞ்சில் கற்பூரத்தை வைத்தாள். தள்ளுவண்டி உள்ளே போய்க் கதவு இறங்கியது. சூர்யபிரகாஷ் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் வேனில் திரும்பினார்கள். வைகைப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூர்யபிரகாஷ் காலடியில் இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல நீ. இதையாவது குடி."

தொண்டை வறண்டுதான் கிடந்தது. வாங்கிக்கொண்டாள். உடனே குடித்துவிடவில்லை. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, மூடிக்குக் கீழே இருக்கும் வளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று ஒரு சுற்று முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் திறந்தாள்.