அகஸ்டினா நடந்த வீடியோ

“லைட்ட கொஞ்சம் எறக்கு தணிகா. மூஞ்சி வெளுத்துப் போவுது” என்று சொன்ன பிறகுதான், அது யாருடைய முகம் என்று அமலநாதனுக்கு உறைத்தது.

தணிகாசலம் விளக்கை இறக்கினான். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கூசிக்கொண்டிருந்த வெளிச்சம் நகர்ந்தது. உள்ளே அமலநாதனின் மனைவி அகஸ்டினா கிடந்தாள். கழுத்துவரை வெள்ளைத் துணி, விரல்களுக்கிடையில் செபமாலை. துணி காயப்போட மாடிக்குப் போனவள் அங்கேயே சுருண்டு விழுந்திருந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண்ணே திறக்கவில்லை.

அமலநாதனுக்கு முதலியார்பேட்டையில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்யும் தொழில். தணிகாசலத்துக்கு அரியாங்குப்பத்தில் அதே தொழில். கேமராவும் விளக்கும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு வளர்ந்த சிநேகம். அடக்கத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்று பிரான்சிலிருந்து ஜெர்ரி போன் செய்ததைக் கேள்விப்பட்டு, தணிகாசலம் தானே கேமராவோடு வந்துவிட்டான்.

ஜெர்ரி அகஸ்டினாவின் தம்பி. காலையில் போனில் அவன் அழுதுகொண்டே பேசினான்.

“டிக்கெட் கெடைக்கல மாமா. நாளன்னிக்குத்தான் இருக்குன்றான். அதுவரைக்கும் வைக்க முடியாதா?”

“ஒங்கம்மா வேணாம்னுட்டாங்க ஜெர்ரி. மூணு நாளா ஊசியும் டியூபுமா கெடந்தா. இனிமே வைக்க வேணாம்னு சொல்றாங்க.”

ஜெர்ரி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

“அப்ப வீடியோ எடுத்து அனுப்புங்க மாமா. அதோட… அக்கா உயிரோட இருந்தப்ப, பேசற மாதிரி, சிரிக்கற மாதிரி கொஞ்சம் சேத்துப் போடுங்க. இத மட்டும் என்னால பாக்க முடியாது. ஒங்க கிட்டதான் நெறைய இருக்குமே.”

“இருக்கு. போடறேன்” என்றான் அமலநாதன்.

இல்லை. அவர்கள் கல்யாண கேசட்டில் பூஞ்சை பிடித்து, போட்டால் வெறும் புள்ளிகள்தான் ஓடும். அதற்குப் பிறகு ஊரார் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, புதுநன்மை எல்லாவற்றையும் எடுத்தவன் வீட்டுக்குள் கேமராவைத் திறந்ததே குறைவு. திறந்த நேரங்களிலும், “என்ன எதுக்கு எடுக்கற, புள்ளைய எடு” என்று அகஸ்டினா ஒதுங்கிக்கொள்வாள். போட்டோக்கள் இருந்தன. அசைகிற அகஸ்டினா ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தாள். அதை ஜெர்ரியிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

போன வருஷம் ஜூன் மாதம் வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். மகள் கல்யாண வீடியோவில், கடலுக்குப் போய்த் திரும்பாத தன் புருஷன் மேடையோரமாக நின்று பிள்ளைகளை ஆசீர்வதிப்பதுபோல் வேண்டும் என்றாள். ஆவி மாதிரி, லேசாக. செய்துதருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அமலநாதன் அந்த மென்பொருளையே கற்றுக்கொள்ள உட்கார்ந்தான். சோதித்துப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

“பேயா நடிக்கணுமா? நைட்டியோடவா?” என்றாள் அகஸ்டினா.

“பேய் என்ன பட்டுப்பொடவையா கட்டிக்கிட்டு வரும்? வா, ரெண்டு நிமிஷம்.”

முதலில் ஆளில்லாத ஹாலை எடுத்தான். பிறகு கேமரா ஸ்டாண்டைத் தொடாமல், சமையலறை வாசலிலிருந்து ஜன்னல்வரை அவளை நடக்கச் சொல்லி எடுத்தான். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே இருந்த அவளை மட்டும் நாற்பது சதவீதமே தெரியும்படி குறைத்தான். கொஞ்சம் நீலம், கொஞ்சம் மங்கல். அவ்வளவுதான். அவள் உடம்புக்குள்ளே சுவர் தெரிந்தது, பிரிஜ் தெரிந்தது, மாதா காலண்டர் தெரிந்தது. நடுவில் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். ஒலி வேண்டாமென்று அவன் எடுத்துவிட்டிருந்தான்.

மகள் மெரின் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கத்தினாள். அகஸ்டினா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா செவுருதான் தெரியுது, நான் எங்க இருக்கறேன்?” என்றாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கோயிலில் துக்கமணி அடித்தது. பூசை முடிந்து கல்லறைக்குப் போனார்கள். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். குழியைப் பார்க்காமலிருக்க அமலநாதன் தணிகாசலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல இடத்தில்தான் நிற்கிறான், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைத்தான். யாரோ அவன் கையைப் பிடித்து மண்ணை வைத்தார்கள். மெரினும் போட்டாள். அவள் போட்டது பெட்டியில் விழாமல் ஓரத்தில் விழுந்தது.

திரும்பி வரும்போது வேனில் அவன் மடியில் சாய்ந்திருந்த மெரின் கேட்டாள்.

“அப்பா, அந்தப் பேய் வீடியோவையா ஜெர்ரி மாமாக்கு அனுப்பப் போற?”

அவன் அவள் முடியை ஒதுக்கிவிட்டான்.

“அப்படியே அனுப்பாதப்பா. அம்மாவ முழுசா ஆக்கிட்டு அனுப்பு.”

வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிவிட்டு, ஹாலை ஒட்டிய சின்ன அறைக்குள் போய் கம்ப்யூட்டரைப் போட்டான். மெரின் பக்கத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். பழைய வேலை திறந்தது. இரண்டு அடுக்குகள். ஒன்றுக்கு ‘வெறும் ஹால்’ என்றும் இன்னொன்றுக்கு ‘அகஸ்டி’ என்றும் பேர் வைத்திருந்தான். இரண்டிலும் படம் வரவில்லை. கோப்பு இல்லை என்று காட்டும் வண்ணப்பட்டைகள்தான் நின்றன. இடம் போதாமல் எப்போதோ அழித்தாகிவிட்டது. அன்றைக்கு எடுத்த டேப்பின் மேல் யாருடைய கல்யாண வரவேற்போ பதிவாகியிருந்தது. மிஞ்சியது வைத்திக்குப்பத்து அம்மாவுக்கு மாதிரி காட்ட அடித்த சி.டி. ஒன்றுதான்.

அதைப் போட்டான். அகஸ்டினா சமையலறையிலிருந்து வந்தாள். நின்றாள். வாய் அசைந்தது. சுவரோடு சுவராக ஜன்னல்வரை போய்த் தீர்ந்தாள்.

கேமரா பையோடு உள்ளே வந்த தணிகாசலம் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“செவுத்த மட்டும் இதுலேருந்து கழிக்கணும் தணிகா. கழிச்சிட்டு மிச்சத்த ஏத்தினா, முழுசா வந்துடுவா இல்ல?”

“வெறும் ஹாலு இருந்தாத்தான கழிக்க முடியும்?”

“எடுத்துக்கலாம். இப்பவே எடுத்துக்கலாம். கேமராவ குடு.”

தணிகாசலம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு பையைத் திறந்தான்.

ஹாலில் செபமாலை சொல்ல ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அகஸ்டினாவின் அம்மா ஜெயம், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முதல் மணியைப் பிடித்திருந்தாள்.

“கொஞ்சம் எல்லாரும் வெளிய நில்லுங்க” என்றான் அமலநாதன்.

யாருக்கும் புரியவில்லை.

“செபம் ஆரம்பிக்கப் போறோம் தம்பி” என்றார் ஒரு பெரியவர்.

“கொஞ்ச நேரந்தான். ஹால்ல யாரும் இருக்கக் கூடாது. சேர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.”

“என்னா மாப்ள இது?” என்றாள் ஜெயம். “பொணம் போன வீட்டுல வந்தவங்கள எழுப்பி வெளிய அனுப்புவாங்களா?”

“அகஸ்டிக்குத்தான் அத்தை.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து முதல் ஆளாக வெளியே போனாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். தணிகாசலம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

ஐஸ் பெட்டி வைப்பதற்காக மூலைக்குத் தள்ளியிருந்த பிரிஜ்ஜை இருவரும் பழைய இடத்துக்கு இழுத்தார்கள். தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தி தரையில் உருகி உறைந்திருந்ததை அமலநாதன் நகத்தால் சுரண்டி எடுத்தான். ஸ்டாண்டை நிறுத்தினான். உயரம் சரியாக வரவில்லை. சி.டி.யைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கினான்.

“அமலு” என்றான் தணிகாசலம் மெதுவாக. “அதுல செவுரு பச்சையா இருக்குது.”

“தெரியும்.”

இப்போது இருப்பது கிறிஸ்துமசுக்கு அவனே அடித்த வெளிர்மஞ்சள். எந்த நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, இருட்டாக இல்லாமல் ஏதாவது அடி என்று அகஸ்டினா சொல்லியிருந்தாள்.

“கலர மாத்திக்கலாம்” என்றான்.

ஆளில்லாத ஹாலை எடுத்தான். கம்ப்யூட்டரில் ஏற்றி, மஞ்சளைப் பச்சையாக்கி, சி.டி. படத்திலிருந்து கழித்தான். ஒட்டவில்லை. ஜன்னல் வெளிச்சம் வேறு. காலண்டர் வேறு. நகர்த்தினான், மங்கலாக்கினான், மறுபடியும் கழித்தான். மிஞ்சியதை மேலே ஏற்ற ஏற்ற, சி.டி.யின் கட்டம் கட்டமான புள்ளிகளும் சேர்ந்து ஏறின. சுவர் போன இடத்தில் அவள் கன்னமும் போனது. பிரிஜ்ஜைக் கழித்தபோது தோளும் கையும் போயின. வெளுத்த கறை ஒன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்ந்தது. நடுவில் நின்றது. மறுபடியும் நகர்ந்தது.

“விட்டுடுடா” என்றான் தணிகாசலம்.

அமலநாதன் கேட்காததுபோல இன்னும் கொஞ்சம் ஏற்றினான். திரை சாம்பல் நிறமாகக் கொதித்தது. மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை எங்கே நின்றாள் என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மெரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“தெரியுதுப்பா” என்றாள். “அம்மா நல்லாத் தெரியறாங்க. போதும்பா.”

அவன் திரும்பவில்லை. தணிகாசலம் சுவர்ப்பக்கம் பார்த்து நின்றான்.

வெளியே யாரோ கதவை லேசாகத் தட்டினார்கள். “உள்ள வரலாமா?” என்று ஜெயத்தின் குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது.

மெரின் ஸ்டூலிலிருந்து இறங்கிப் போனாள். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. உட்கார்ந்திருந்த ஸ்டூலையே இழுத்து வந்து போட்டு, ஏறி நின்று, கதவைத் திறந்துவிட்டாள்.