தொடாத போனின் சூடு

"நேத்து ராத்திரி தம்பிக்கு ராஜ்மாவாம்," என்றாள் அம்மா வெள்ளத்தாய், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"யாரு சொன்னா?" என்றாள் மாரீஸ்வரி.

"முத்தாத்தா அக்காதான். வேற யாரு சொல்லப் போறாவ?"

தம்பி வல்லரசு வடக்கே ராணுவக் கல்லூரி ஒன்றில் மின்னியலும் கணினியும் சேர்ந்த பொறியியல் படிக்கிறான். அங்கே மாணவர்களின் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிறு மதியம் மட்டும் சற்று நேரம் கையில் தருவார்கள். அதிலும் அவன் பாதித் தூக்கத்தில்தான் பேசுவான்.

மற்ற நாட்களை வெள்ளத்தாய்க்கு நிரப்பித் தந்தவள் முத்தாத்தாள். ஏதோ பெற்றோர் குழுவில் நம்பர் கிடைத்தது என்று அவளாகவே கூப்பிட்டாள். அவள் மகன் பாலகணேஷும் வல்லரசோடு ஒரே வகுப்பாம். புருஷன் அதிகாரியாம், கல்லூரிக்குப் பக்கத்திலேயே வீடாம். தினமும் இரவு படுக்கும் முன் பேசுவாள். முதலில் செய்தி வாசிப்பவள்போலப் பேசியவளுக்கு இப்போது 'எம்புட்டு' எல்லாம் தானாக வருகிறது.

"பால்கோவா அனுப்பட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாவ, சுகராம்," என்றாள் வெள்ளத்தாய்.

மாவுக் கிண்ணத்தை எடுக்க இடமில்லாமல், பிரிட்ஜின் மேல் கிடந்த அம்மாவின் போனை நகர்த்தப் போனாள் மாரீஸ்வரி. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். சுட்டது.

"அம்மா, இதை யாரு பாத்துக்கிட்டிருந்தா?"

"எந்திரிச்சதுல இருந்து தொடவே இல்ல. சார்ஜும் நிக்க மாட்டேங்குது. அதுக்கும் என்னைமாரி வயசாயிருச்சு போல."

மாரீஸ்வரி இயற்பியல் படித்தவள். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. துணி தண்ணீரில் மூழ்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதாலேயே அவளுக்குப் பிடித்திருந்தது. சூடு சும்மா வராது என்பது அவளுக்குத் தெரியும். யாரும் தொடாத போன் சுடுகிறது என்றால், யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் உறுதியாகத் தெரியாததை அவள் வாயால் சொல்வதில்லை.

மில் கேட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்பா ஜெயபாண்டி வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்.

"நான் எல்லையில இருந்தப்ப, இருக்கேனா செத்தேனான்னே எங்க ஆத்தாளுக்குத் தெரியாது," என்றார். "இவளுக்கு மவன் தின்ன குழம்பு வரைக்கும் தகவல் வருது."

"ஒங்களை யாரு தேடுனா?" என்றாள் வெள்ளத்தாய். அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்.

மதியம் வல்லரசு கூப்பிட்டான். அப்பாவின் போனில் ஸ்பீக்கரைப் போட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ராஜ்மா நல்லா இருந்துச்சாடா?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

"ராஜ்மாவா? நேத்து முட்டைக் குழம்புக்கா."

"பாலகணேஷ் எப்படி இருக்கான்?"

"எந்த பாலகணேஷ்?"

"உன் கிளாஸ்ல படிக்கிறானே."

"எங்க கிளாஸ்ல தமிழ் பேசுற ஆளு நான் ஒருத்தன்தான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாம நானே கண்ணாடியப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கேன். ஏன் கேக்க?"

"சும்மாதான்," என்றாள்.

பின்னால் விசில் கேட்டது. "வச்சிருதேன்" என்றான். பேச்சு முடிந்தது.

வெள்ளத்தாய் கையிலிருந்த முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "வேற கிளாஸா இருக்கும்டி," என்றாள்.

"அவியளுக்கு நீ என்னம்மா அனுப்புன?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

மெல்ல மெல்லத்தான் வந்தது. தீபாவளி லீவில் வல்லரசு ஒரு சர்க்யூட் போர்டு கொண்டுவந்து கட்டிலில் வைத்து வேலை செய்தான். பட்டாள வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோ, கல்லூரிச் சாமான், யாரும் கை வைக்கக் கூடாது என்றான். அவன் குளிக்கப் போனபோது வெள்ளத்தாய் அதைப் படம் எடுத்திருக்கிறாள். "எம் பையனும் இதேதான் செய்யுதான், சரியா இருக்கான்னு பாப்போம்னாவ. ரெண்டு பக்கமும் கேட்டாவ."

"வேற?"

"பிள்ளைக ஹாஸ்டல் போட்டோ பாக்கலாம்னு ஏதோ ஒரு ஆப் அனுப்புனாவ. நீதானேட்டி அமுக்கித் தந்த?"

மாரீஸ்வரிக்கு நினைவு வந்தது. அன்று ராஜபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அது கேட்ட எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று அமுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினாள். கேமரா. மைக். எல்லாம்.

ஜெயபாண்டி எழுந்து நின்றார். அவர் முகம் சிறுத்துப்போயிருந்தது.

"படம் வெளிய போனது தெரிஞ்சா என்கொயரி வைப்பாவ. அவன ஒரு நாள் அங்க வச்சிருக்க மாட்டாவ. பெட்டியக் கட்டி அனுப்பிருவாவ." பிரிட்ஜ் பக்கம் திரும்பினார். "போனை ஒடைச்சுக் கெணத்துல போட்டுருவோம். நமக்கு ஒண்ணும் தெரியாது."

"இங்க உடைச்சா அங்க போனது திரும்பி வராதுப்பா. அடுத்து நேரா அவன்கிட்டயே வருவாங்க. அதுக்கு முன்னால நாமளே காலேஜ்ல சொல்லிறணும்."

"அவன் படிப்பு போயிருச்சுன்னா?"

அப்போது பிரிட்ஜின் மேலிருந்த போன் அடித்தது. குத்துவிளக்குப் படமும் முத்தாத்தா அக்கா என்ற பெயரும் தெரிந்தன. ஞாயிறு மதியம் அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

மாரீஸ்வரி எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்ன வெள்ளத்தாயி, மவன்ட்ட பேசியாச்சா?" குரலில் எப்போதும்போல அன்பு இருந்தது. "அண்ணன் சொல்றதுதான் சரி. ஒடைச்சுக் கெணத்துல போட்டுருங்க. இந்த மாரீசுப் பிள்ளைதான் அவசரப்படுதா."

அவளை மாரீசு என்று இந்த வீட்டுக்குள் மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

"போட்டோவெல்லாம் தம்பி வீட்டுல இருந்துதான வந்துருக்கு? விசாரிச்சா அவன் பேருதான வரும். செத்த நேரம் யோசிங்க."

'செத்த நேரம்' என்று அவள் இழுத்த இழுப்பு அம்மாவுடையது, தினமும் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டது. வெள்ளத்தாய்க்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"எம்புள்ள நேத்து தின்னது முட்டைக் குழம்பு," என்றாள். "ஒனக்கு அதுகூடத் தெரியலியேட்டி."

"முட்டைக் குழம்பு," என்றாள் அவள், நிதானமாக. "சரி."

வெள்ளத்தாய் போனைத் திரும்பவும் பிரிட்ஜின் மேலேயே வைத்துவிட்டுப் பின்வாங்கினாள், ஏதோ அது எழுந்து வரும் என்பதுபோல. ஜெயபாண்டி உதட்டில் விரலை வைத்துக்காட்டி, வாசலைக் காட்டினார். மூவரும் வெயிலுக்குள் இறங்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை நடந்தார்கள்.

அவர் தன் பட்டன் போனை நீட்டினார். "காலேஜ் டியூட்டி ரூம் நம்பர் இதுல இருக்கு. நீ பேசு. எனக்கு வெவரமாச் சொல்ல வராது."

மாரீஸ்வரி முதலில் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சூடில்லை. பிறகு பொத்தானை அமுக்கினாள். புது ஆட்களிடம் போனில் பேச அவளுக்குப் பிடிக்காது.

ஓர் ஆண் குரல் எடுத்தது. அவள் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். படம், செயலி, பெண் குரல். தப்பும் தவறுமாக, ஆனால் எதையும் விடாமல். 'அனுமதி' அமுக்கியது தான்தான் என்பதையும் சொன்னாள். அந்தக் குரல் குறுக்கே பேசாமல் கேட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டது.

மாணவன் பெயர்?

அப்பா தெருவில் நிமிர்ந்து, அட்டென்ஷனில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். அம்மா தலையைத் தூக்கவே இல்லை. திறந்து கிடந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போன் மறுபடி அடிப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

"வல்லரசு," என்றாள் மாரீஸ்வரி.

லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அந்தக் குரல் நகர்ந்துபோனது.